கலங்கல் இல்லாத ஏரி

(ஒரு கல்லூரியின் புவியியல் மாணவர் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் வினாடி வினா வைத்தார்கள். "உலகத்திலேயே பெரிய ஏரி எது?" என்று கேட்டார் ஆசிரியர். அப்போது எனக்குத் தெரிந்த பெரிய ஏரி ஒன்றே ஒன்றுதான். எழுந்து நின்று "வீராணம்" என்றேன். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு அவர் விடையைச் சொன்னார்: "காஸ்பியன் கடல்." எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க கேட்டது ஏரி, சொல்றது கடலாச்சே?" என்றேன். "பேருதான்டா கடல். ஆளு ஏரி. உட்காரு" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆசிரியர் ஒரே மூச்சில் முடித்துவைத்த வழக்கை ஐந்து நாட்டு அரசுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2018இல்தான் ஒரு வகையாக முடித்தன என்பது பின்னால் தெரிந்தது. அவர்களும் 'கடல்' என்றோ 'ஏரி' என்றோ தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

வீராணம் என்று சொன்ன பையனின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. நம் பக்கம் ஏரி என்றால் ஆள் வைத்துக் கட்டியது. அதற்குக் கரை உண்டு, மதகு உண்டு, மழை மிஞ்சினால் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகக் கலங்கல் உண்டு. காஸ்பியனுக்குள் வோல்கா விழுகிறது, உரால் விழுகிறது, மேற்கேயிருந்து குரா விழுகிறது. வரும் ஆற்று நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வோல்காவுடையது. ஆனால் வெளியே போக ஒரு வழியும் கிடையாது. கலங்கல் இல்லாத ஏரி. இவ்வளவு தண்ணீர் எங்கேதான் போகிறது என்று கேட்டு, இல்லாத கலங்கலை மனிதர்கள் தேடிய கதைதான் இந்தக் கடலின் வரைபட வரலாற்றில் பெரும்பகுதி.

அளவைச் சொல்லிவிடுகிறேன். வடக்குத் தெற்காக சுமார் 1,200 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 3,70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கில் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். வடக்கில் சராசரி ஐந்து ஆறு மீட்டர்தான். தண்ணீரின் உப்பு பெருங்கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

முதலில் பெயர். தஞ்சாவூரில் நின்றால் அது கும்பகோணம் ரோடு. அதே சாலையில் கும்பகோணத்தில் நின்றால் தஞ்சாவூர் ரோடு. காஸ்பியனின் பெயர்களும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தன. எந்தக் கரையில் நிற்கிறாய், எந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறினாய் என்பதைப் பொறுத்துப் பெயர். அரபு நூல்களில் அது கஸார் கடல், ஜுர்ஜான் கடல், தபரிஸ்தான் கடல். மார்க்கோ போலோ பட்டு வந்த கரையை வைத்து கீலான் கடல் என்றார். 1375இல் மயோர்க்கா தீவில் வரைந்த கத்தலான் அட்லஸில் பாக்கூ கடல் என்ற பெயர் இருக்கிறது. பழைய ரஷ்ய ஏடுகளில் ஹ்வாலிஸ் கடல், ஹ்வாலின்ஸ்க் கடல். குவாரஸ்ம் நாட்டாரைக் குறித்த பெயர் என்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் த்வேர் நகரிலிருந்து புறப்பட்டு நம் தக்காணத்துப் பீதர் வரை வந்துபோன வணிகர் அஃபனாசி நிகிதின், தான் கடந்த மூன்று கடல்களில் முதலாவதை இந்தப் பெயரால்தான் எழுதிவைத்தார். சீனர்கள் வம்பே வேண்டாம் என்று 'உள் கடல்' எனப் பொருள்படும் லீஹாய் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கிரேக்கரிடம் இரண்டு பெயர்கள் புழங்கின. ஒன்று ஹிர்க்கானியக் கடல். ஹிர்க்கானியா என்பது பழம் பாரசீகத்தில் வர்கானா, ஓநாய் நாடு. இன்றைய ஈரானில் கொர்கான் என்ற ஊர்ப் பெயரில் அந்த ஓநாய் இன்னும் ஒளிந்திருக்கிறது. மற்றொன்று காஸ்பியன். அது தென்மேற்குக் கரையோரம் வாழ்ந்த காஸ்பி என்ற இனத்தாரின் பெயர். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ தம் புவியியல் நூலில், இந்தக் கடலுக்குப் பெயர் கொடுத்த இனம் இப்போது இல்லாமல் போய்விட்டது என்று எழுதுகிறார். அப்போதே இல்லை! சொந்தக்காரர் போன பிறகும் வீட்டு வாசலில் பலகை தொங்குவதுபோல அந்தப் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கஸார்களின் கதையும் இதுவே. வோல்கா முகத்துவாரத்துப் பக்கம் இத்தில் என்ற தலைநகரோடு ஆண்ட துருக்கிய இனம். பத்தாம் நூற்றாண்டில் கீவின் ஸ்வியாத்தொஸ்லாவ் அவர்கள் அரசை முறித்துப் போட்டார். மக்கள் கலைந்து மறைந்தார்கள். ஆனால் இன்றும் அஜர்பைஜானியர், துர்க்மேனியர், ஈரானியர் மூவருக்கும் அது கஸார் கடல்தான். ரஷ்யருக்கும் கஸக்குகளுக்கும் காஸ்பி. ஈரானியர் மாஸந்தரான் கடல் என்றும் சொல்வதுண்டு. இக்கால அரபியில் கஸ்வீன் கடல். கஸ்வீன் நகரமோ எல்பூர்ஸ் மலைக்குத் தெற்கே, கடற்கரையே இல்லாத ஊர்! உயிரோடு கரையில் வாழும் ஐந்து நாட்டில் ஒரு நாட்டின் பெயரும் அந்தக் கடலில் ஒட்டவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். பாரசீக வளைகுடாவா அரபு வளைகுடாவா என்று தெற்கே நடக்கும் சண்டையைப் பாருங்கள். செத்தவர் பெயரை வைத்தால் பங்காளிச் சண்டை குறைவு.

இனி வடிவம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எரோடோட்டசு எழுதினார்: காஸ்பியன் தனிக் கடல், வேறு எந்தக் கடலோடும் சேரவில்லை, துடுப்புப் போட்டுப் போனால் நீளம் பதினைந்து நாள், அகலம் கூடிய இடத்தில் எட்டு நாள். அவர் அந்தக் கடலைப் பார்த்தவர் என்று சொல்ல முடியாது. போய்வந்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டு எழுதியது சரியாக இருந்தது. அரிஸ்டாட்டிலும் அது வெளிக் கடலோடு சேராத நீர் என்றே சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அலெக்ஸாந்தர் சாவதற்குச் சிறிது முன், கி.மு. 323இல், ஹிர்க்கானியக் காட்டில் மரம் வெட்டிக் கப்பல் கட்ட ஆள் அனுப்பினார். இந்தக் கடல் கருங்கடலோடு சேர்கிறதா, பெருங்கடலோடு சேர்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். அவர் இறந்தார், திட்டமும் போயிற்று. நாற்பது ஆண்டு கழித்து, அவருக்குப் பின் அந்த நாடுகளை ஆண்ட செலூக்கிய அரசரின் தளபதி பத்ரோக்ளிஸ் அந்தக் கடலில் இறங்கினார். எவ்வளவு தூரம் போனாரோ, திரும்பி வந்து சொன்னது இது: இந்தியாவிலிருந்து ஹிர்க்கானியாவுக்குக் கடல் வழியாகவே வரலாம்!

ஒரு வரியில் காஸ்பியனின் வடக்குக் கரை உடைந்தது. கடல் வளைகுடாவாயிற்று. எரத்தோஸ்தனிஸ் பத்ரோக்ளிஸை நம்பினார். அவரை ஸ்ட்ராபோ நம்பினார். பிளினி இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பயணத்தை யாரோ செய்தே முடித்துவிட்டதாக எழுதினார். உலகத்தைச் சுற்றி ஒரு பெருங்கடல். அதிலிருந்து நிலத்துக்குள் நான்கு வளைகுடாக்கள்: மத்தியதரை, செங்கடல், பாரசீகம், காஸ்பியன். படம் எவ்வளவு லட்சணமாக அமைகிறது பாருங்கள். அந்த லட்சணம்தான் வினை. மூன்று கையும் ஒரு முடமும் உள்ள உலகத்தை எந்த அறிஞருக்கு வரைய மனம் வரும்?

இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் தாலமி மறுபடியும் கரையை மூடினார். அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் மூடிய கையோடு கடலைப் படுக்கப் போட்டுவிட்டார். வடக்குத் தெற்காக நிற்க வேண்டிய நீர், கிழக்கு மேற்காகப் படுத்த முட்டை போலாயிற்று. ஆரல் கடல் அவர் படத்தில் இல்லை. அதற்குப் போக வேண்டிய இரண்டு ஆறுகளும் காஸ்பியனில் வந்து விழுந்தன. இந்தப் படுத்த முட்டை எவ்வளவு காலம் படுத்திருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அதற்குள் ஐரோப்பாவில் தாலமியும் மறந்துபோனார். செவில் நகர இசிதோர் முதலான கிறித்துவ அறிஞர்கள் மீண்டும் வளைகுடாக் கதைக்கே திரும்பினார்கள். 1300ஐ ஒட்டி வரைந்த ஹெரிஃபோர்டு உலகப் படத்தில் காஸ்பியன் பெருங்கடலின் வாய்க்காலாகவே கிடக்கிறது.

அதே நூற்றாண்டுகளில் பாக்தாத் பக்கம் இந்தச் சந்தேகமே இல்லை. பத்தாம் நூற்றாண்டின் இஸ்தக்ரி ஓர் எளிய சோதனையைச் சொல்கிறார்: இந்தக் கடலைச் சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரலாம், வழியில் ஆறுதான் குறுக்கே வரும். வேறென்ன நிரூபணம் வேண்டும்? அவர் வழிவந்த படங்களில் காஸ்பியன் சாப்பாட்டுத் தட்டு போல வட்டமாக, நடுவே இரண்டு தீவுகளோடு இருக்கும். அழகான கோடு, அளவு சரியில்லை, ஆனால் உண்மை சரி. மசூதி என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே. ரஷ்யர்கள் கப்பல்களில் வந்து கரையோர ஊர்களைக் கொள்ளையடித்த செய்தி அவருக்குக் கிடைக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு வழி இருக்க வேண்டுமே! அந்தக் கடலில் தாமே பயணம் செய்தபோது சந்தித்த வணிகர், மாலுமி ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: கஸார் ஆற்றின் வழி தவிர, அதாவது வோல்காவின் வழி தவிர, வேறு வழி கிடையாது.

ஐரோப்பாவில் இந்த முடிச்சை அவிழ்த்தவர் செருப்பில்லாத ஒரு துறவி. ஃபிளாண்டர்ஸ் நாட்டு வில்லியம் ரூப்ருக். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சார்பில் 1253இல் மங்கோலியக் கானைப் பார்க்கப் போனவர். போகும்போது காஸ்பியனின் வடகரையைத் தொட்டார். திரும்பும்போது மேற்குக் கரை. தெற்கும் கிழக்கும் அவருக்கு முன் போன ஆந்திரூ என்ற துறவி பார்த்தவை. ரூப்ருக் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்: நாலு பக்கமும் ஆயிற்று, எங்கும் வாயில்லை. நான்கு மாதத்தில் சுற்றி வரலாம், இசிதோர் சொன்னது உண்மை இல்லை என்று மன்னருக்கே எழுதினார். அன்றைய துறவி ஒருவர் இசிதோரைப் பொய் என்று சொல்வது சாமானியக் காரியம் இல்லை. இன்றைக்கு நம் ஆய்வு மாணவர் வழிகாட்டியின் நூலைத் தவறு என்று சொல்வதைக் காட்டிலும் கொஞ்சம் அதிகம்தான்!

ஆக, கரையில் நின்றவரிடம் கேட்ட எரோடோட்டசு, இஸ்தக்ரி, மசூதி, ரூப்ருக் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். வழி தேவைப்பட்டவர்களும் நூலுக்கு உரை எழுதியவர்களும்தான் வழுக்கினார்கள். சரியான சேதி ஒவ்வொரு முறையும் கிடைத்தது, ஒவ்வொரு முறையும் தொலைந்தது.

சரி, படுத்த முட்டைக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலமி லத்தீனில் வந்தார், 1477இல் படங்களோடு அச்சிலும் ஏறினார். அச்சு ஒரு தவறுக்குக் கொடுக்கும் ஆயுளை எந்தக் கையெழுத்துப் பிரதியும் கொடுக்காது. ஆங்கிலேயரின் மஸ்கோவி கம்பெனியின் ஆள் அந்தோனி ஜென்கின்சன் 1558இல் அஸ்திரகானிலிருந்து கப்பலில் இறங்கி, செஞ்சிலுவைக் கொடியோடு காஸ்பியனைக் கடந்தார். அவருடைய 1562ஆம் ஆண்டுப் படத்துக்கு ஆர்ட்டீலியஸின் அட்லஸிலும் இடம் கிடைத்தது. கடல் நிமிரவில்லை. 1636இல் ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவின் கப்பல் புயலில் காஸ்பியனின் மேற்குக் கரையில் மோதி உடைந்தது. அதில் தப்பிய தூதுக்குழுச் செயலாளர் ஆதாம் ஒலியாரியஸ் அட்சரேகைகளை அளந்து, இந்தக் கடல் வடக்குத் தெற்காகத்தான் நீளம் என்று 1647இல் அச்சிட்டார். பலர் அவரை நம்பவில்லை. தாலமியா, கப்பல் உடைந்த ஒரு செயலாளரா?

தீர்த்துவைத்தது ரஷ்யப் பேரரசர் பீட்டர். அவரும் தேடியது இந்தியாவுக்கு வழிதான்! ஆரலுக்குப் போகும் அமு தரியா ஆறு முன்பு காஸ்பியனுக்கு வந்துகொண்டிருந்தது, அதைத் திருப்பிவிட்டால் கப்பலிலேயே இந்தியாவை நோக்கிப் போகலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெக்கோவிச் செர்காஸ்கி என்ற தளபதி கிழக்குக் கரையை ஆராய்ந்தார். பிறகு படையோடு கீவாவுக்குப் போனவர் 1717இல் அந்த ஊர்க் கானின் சூழ்ச்சியில் வெட்டுண்டு செத்தார். ஆனால் ஒன்று தெளிவாயிற்று: அந்த ஆறு காஸ்பியனுக்கு வரவில்லை. 1719, 1720 ஆண்டுகளில் வான் வெர்டனும் ஃபியோதர் சொய்மோனவும் மேற்கு, தெற்குக் கரைகளை அளந்தார்கள். 1720இல் பீட்டர்ஸ்பர்க்கில் படம் அச்சாயிற்று. பாரிஸ் அறிவியல் கழகம் பீட்டரை உறுப்பினராக்கியிருந்தது. கைம்மாறாக அவர் அனுப்பியது இந்தப் படம். பிரெஞ்சு வரைபடக்காரர் தெலில் அதைப் பார்த்துத் தம் ஆசியப் படத்தைத் திருத்திக்கொண்டார். பதினைந்தரை நூற்றாண்டு படுத்திருந்த கடல் எழுந்து நின்றது.

சொய்மோனவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் காஸ்பியனுக்கு ஓர் அட்லஸே வெளியிட்டார். 1740இல் அரண்மனை அரசியலில் சிக்கிச் சவுக்கடி பட்டு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் அதே சைபீரியாவுக்கு ஆளுநரும் ஆனார். வரைபடக்காரர் வாழ்க்கை சாதுவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வடிவம் தீர்ந்தது, கலங்கல் தீரவில்லை. அதற்கு முன்பே, 1665இல், அத்தனேசியஸ் கீர்ஷர் பூமிக்கடியில் உள்ள உலகைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். காஸ்பியனின் அடியில் துளை இருக்கிறது, பாதாள வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வேறு கடல்களுக்குப் போகிறது என்பது அவர் கணக்கு. இந்த நினைப்புக்குத் தீனி போட்டது கிழக்குக் கரையில் உள்ள கரா-பொகாஸ். பெயருக்குக் கறுப்புத் தொண்டை என்று பொருள். ஒரு குறுகிய கால்வாய் வழியாகக் கடல் நீர் ஓயாமல் உள்ளே பாயும், ஒரு சொட்டும் திரும்பி வராது. மாலுமிகள் பயந்ததில் வியப்பில்லை. உண்மையில் அது பாலைவன வெயிலில் காயும் பிரம்மாண்டமான உப்பளம். காஸ்பியனின் கலங்கல் எங்கே என்றால் விரலைக் கீழே காட்டாமல் மேலே காட்ட வேண்டும். சூரியன்தான் குடிக்கிறது.

தெரிந்த பிறகும் ஒரு கூத்து நடந்தது. 1929 முதல் 1977 வரை காஸ்பியனின் மட்டம் ஏறத்தாழ மூன்று மீட்டர் இறங்கியது. சோவியத் பொறியாளர்கள் 1980இல் அந்தத் தொண்டையை அணை போட்டு அடைத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே கடல் தானாக ஏறத் தொடங்கியிருந்தது! கரா-பொகாஸ் நாலைந்து ஆண்டில் வறண்டு உப்புத்தூள் பறந்தது. ஏறிய கடல் மறுபக்கம் ஊர்களை நனைத்தது. 1992இல் துர்க்மேனிஸ்தான் அணையைத் திறந்துவிட்டது.

மட்டத்தை அளந்த கதையையும் சொல்ல வேண்டும். இந்தக் கடல் பெருங்கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1811இல் பாரமானி வைத்துப் பார்த்த எங்கல்ஹார்ட், பார்ரொட் இருவரும் சுமார் 100 மீட்டர் கீழே என்றார்கள். 1836, 37இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்து மூவர் கருங்கடல் பக்கமிருந்து காஸ்பியன் வரை தரையோடு தரையாக மட்டம் பிடித்து வந்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 26 மீட்டர்.

இப்போது அந்த வழக்கு. சோவியத் நாடு இருந்தவரை கரையில் இரண்டே பங்காளிகள். 1921, 1940 ஒப்பந்தங்களில் சோவியத்தும் ஈரானும் பேசி வைத்துக்கொண்டன. 1991க்குப் பின் ஐந்து பங்காளிகள், அடியில் எண்ணெய். கடல் என்றால் அவரவர் கரை நீளத்துக்கேற்ற பங்கு, ஏரி என்றால் சமபங்கு கேட்கலாம் என்று வாதம் ஓடியது. கரை குறைந்த ஈரான் ஐந்தில் ஒரு பங்கு கேட்டது. 2018 ஆகஸ்ட் 12ஆம் நாள் கஸகஸ்தானின் அக்தாவ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் என்ன சொல்கிறது? காஸ்பியன் கடல் என்பது ஐந்து நாட்டு நிலங்களால் சூழப்பட்ட நீர்நிலை. அதோடு, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 1990களில் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்ட, 7,50,000க்கு 1 அளவுள்ள இன்னின்ன எண் கொண்ட கடல்வழிப் படங்களில் காட்டப்பட்டது. அவ்வளவுதான். கடலும் இல்லை, ஏரியும் இல்லை: நீர்நிலை. படத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்கள்! இரண்டாயிரம் ஆண்டு கடலைப் பார்த்துப் படத்தைத் திருத்தினோம். இப்போது படத்தைக் காட்டிக் கடலுக்கு விளக்கம் சொல்கிறோம். ஒரே மூலப் பிரதி, ஆறு மொழிகளில். மூன்று மொழியில் கஸார்கள், மூன்று மொழியில் காஸ்பிகள்.

கரை எது என்பதற்கும் அதில் விடை உண்டு. பால்டிக் கடலோரக் குரோன்ஸ்டாட்டில் ஒரு பாலத் தூணில் பொறித்த அளவுகோலின் சுழியத்திலிருந்து 28.0 மீட்டர் கீழே உள்ள மட்டம்தான் காஸ்பியனின் அடிக்கோடு. அங்கிருந்து 15 கடல் மைல் நாட்டு எல்லை, அதற்கப்பால் 10 கடல் மைல் மீன்பிடி எல்லை.

1990களின் நடுவிலிருந்து தண்ணீர் மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது அது 29 மீட்டருக்கும் கீழே. வடக்கில் தரை சமமாகக் கிடப்பதால் ஒரு மீட்டர் இறங்கினாலே கரை பல கிலோமீட்டர் உள்வாங்கும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் பழைய அட்லஸ்கள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். 1970களில் அச்சான ஒன்றையும் 1990களில் அச்சான ஒன்றையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காஸ்பியனின் வடகிழக்கு மூலையை மட்டும் பாருங்கள்.